மார்கழியில் மக்கர் செய்த வேன்

நான் ஒரு வேனுக்குக் கம்பளி போர்த்தியவன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. எங்கள் தெருக்காரர்கள் சொல்லி நீங்கள் கேட்டால் இதைவிடக் கேவலமாக இருக்கும். போர்த்தியதோடு விட்டேனா, காற்றில் பறந்துவிடக் கூடாதென்று கயிறு போட்டுக் கட்டினேன். கட்டிவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்று, தூங்குகிற குழந்தைக்குக் காது மூடியிருக்கிறதா என்று பார்ப்பதுபோலப் பார்த்தேன். வேனுக்குக் காது கிடையாது. பக்கவாட்டில் இரண்டு கண்ணாடி இருந்தன. அவற்றையும் மூடினேன்.

காலையில் கோலம் போட வந்த என் மனைவி, கையிலிருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டு வேனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இன்னாங்க இது?"

"குளுருதில்ல? இன்ஜின் சூடா இருக்கட்டும்னு போத்தி வுட்டிருக்கேன்."

"இன்ஜின் எங்க இருக்குது?"

அந்தக் கேள்விக்குப் பதில் எனக்கு நன்றாகவே தெரியும். பல வருடங்களாக அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறேன். எங்களுடையது பழைய பெட்ரோல் வேன். இன்ஜின் முன்சீட்டுக்கு அடியில் இருக்கும். நான் போர்த்தியிருந்தது அதன் மூக்குக்கு. தலைவலிக்கு முழங்காலில் தைலம் தேய்த்தவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்துவிட்டு அவள் கோலத்துக்குப் போனாள்.

தப்பு முழுக்க என்னுடையது என்று சொல்ல மாட்டேன். பனி கொட்டும் ஏதோ ஒரு நாட்டில் வேலை பார்க்கிற தமிழர் ஒருவர், முழங்கால் அளவு பனிக்குள் நின்றுகொண்டு, குளிர்காலத்தில் காரை எப்படிக் கிளப்புவது என்று வீடியோ போட்டிருந்தார். ராத்திரி இன்ஜினுக்கு மேல் தடிமனாகப் போர்த்த வேண்டும் என்றார். அவர் காரில் இன்ஜின் முன்னால் இருந்தது. அவர் ஊரில் பாத்திரத்தில் வைத்த தண்ணீர் கல்லாகிவிடும். திண்டிவனத்தில் மார்கழிக்கு நடுவிலும் பத்து மணிக்கு மேல் எங்களுக்கு ஃபேன் வேண்டும். இதெல்லாம் போர்த்தும்போது எனக்குத் தோன்றவில்லை.

இன்னொன்றையும் மறைக்கவில்லை. அந்தக் கம்பளி என் மாமனாருடையது. அவரிடம் இரண்டு இருந்ததால் ஒன்றை எடுத்தேன். காலையில் அவர் வாசலுக்கு வந்து, வேனில் கட்டியிருந்த தன் கம்பளியைத் தடவிப் பார்த்தார். சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"வண்டிக்கு ஜொரமா மாப்ள?" என்றார்.

அவருக்காகத்தான் இந்தக் கூத்தெல்லாம். அனந்தபுரம் பக்கம் சொந்த நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிறவர் அவர். சிறுநீரகம் இரண்டும் சரியாக வேலை செய்யவில்லை. வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் விழுப்புரத்தில் ஒரு மருத்துவமனைக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். ஊரில் தனியாக விட என் மனைவிக்கு மனசு வரவில்லை. எங்களோடு அழைத்து வந்துவிட்டோம். அவருக்குக் கிடைத்திருந்தது விடிந்ததும் ஆரம்பிக்கிற முதல் ஷிஃப்ட். அதில் படுத்தால் மத்தியானத்துக்குள் வீடு திரும்பிச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கலாம். பிந்திப் போனால் அந்தப் படுக்கை காத்திருக்கிற இன்னொருவருக்குப் போய்விடும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. காத்திருக்கிறவருக்கும் அதே வியாதிதான்.

ஆடியிலிருந்து கார்த்திகை வரை வேன் ஒழுங்காகத்தான் போய் வந்தது. மார்கழி பிறந்ததும் முதல் செவ்வாய்க்கிழமை மக்கர் செய்தது. சாவியைத் திருப்பினால் 'கிர்ர் கிர்ர்' என்றது. அடுத்த தடவை 'கிர்' என்றது. அதற்கடுத்து 'டக்' என்று ஒரே ஒரு சத்தம். பேட்டரி படுத்துவிட்டது. எங்கள் வீட்டுக்கு எதிரில் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர் குடியிருக்கிறார். அவர் லுங்கியோடு ஓடி வந்தார்.

"ண்ணா, தள்ளிப் பாத்துர்லாமா?"

நானும் அவரும் தள்ளினோம். வேன் நகர்ந்தது, உறுமவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வேன் லேசாகப் போவதுபோலத் தெரிந்தது. திரும்பிப் பார்த்தால் பின்பக்கத்தில் கை வைத்துத் தள்ளிக்கொண்டிருந்தார் என் மாமனார்.

"மாமா! நீங்க இன்னா பண்றீங்க? உள்ள போய் உக்காருங்க!"

"ஆஸ்பத்திரிக்குப் போறது நானுதான? என் பங்குக்கு நானும் தள்றேன்."

கடைசியில் ஸ்கூல் வேனின் பேட்டரியிலிருந்து ஒயர் போட்டுக் கரண்ட் இழுத்து, வெயில் ஏறிய பிறகுதான் கிளம்பியது. படுக்கை போய்விட்டது. சாயங்கால ஷிஃப்ட் வரை மாமனார் மருத்துவமனை பெஞ்சில் கிடந்தார். கால் வீங்கி, செருப்பு நுழையவில்லை. மூச்சு வாங்கியது. ஒரு வார்த்தை என்னைச் சொல்லவில்லை. பக்கத்திலிருந்தவரிடம் மட்டும், "எங்க மாப்ள நல்ல புள்ள. வண்டிதான் பேஜாரு" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அன்று ஆரம்பித்தது என் ஆராய்ச்சி.

நான் வாடகைப் பாத்திரக் கடை வைத்திருக்கிறேன். கல்யாணத்துக்கு அண்டா, குண்டா, நாற்காலி, பந்தக்கால் கொடுக்கிற தொழில். மார்கழியில் கல்யாணம் கிடையாது. ஆகவே வண்டிக்கு வேலையும் கிடையாது. சும்மா நிற்கிற வண்டியில் பேட்டரி சும்மாவே வடியும் என்று ஸ்கூல் வேன்காரர் சொன்னார். சரி என்று முதலில் பேட்டரியைப் பிடித்தேன். முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடந்தது. ஒயரைக் கழற்றிவிட்டு, பழைய பல் துலக்குகிற பிரஷால் தேய்த்து, வெந்நீர் ஊற்றிக் கழுவி, காயவிட்டு, முறுக்கி மாட்டி, மேலே வாஸ்லின் தடவினேன். பிரஷ் பழையது இல்லை, தன்னுடையது என்று என் மனைவி பிறகு சொன்னாள்.

அடுத்தது சோக். காலையில் குளிர்ந்த இன்ஜினுக்குக் காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கிற கம்பி அது. முழுக்க இழுத்துவிட்டு, ஆக்சிலேட்டரில் காலே வைக்காமல் சாவியைத் திருப்ப வேண்டும். நானோ இத்தனை வருடமும் சோக்கையும் இழுத்து, ஆக்சிலேட்டரையும் அம்மி மிதிக்கிற கல்யாணப் பெண் மாதிரி மிதித்து, உள்ளே பெட்ரோலைக் குளமாக்கிக்கொண்டிருந்தேன். பெட்ரோலுக்குப் பொறி வைக்கிற பிளக்குகளைக் கழற்றினேன். கரி. உப்புத்தாள் போட்டுத் துடைத்தேன். ஒரே மூச்சில் சாவியைப் பிடித்துக்கொண்டே இருக்கக் கூடாது, ஒரு 'கிர்ர்' விட்டால் கொஞ்சம் மூச்சு வாங்க விட வேண்டும் என்பதையும் கற்றுக்கொண்டேன். தினமும் சாயங்காலம் பேட்டரி ஏறட்டும் என்று வேனை எடுத்துக்கொண்டு ஏரிக்கரை வரை ஒரு சுற்று போய் வந்தேன். "காத்து வாங்கப் போறாரு பாரு, ஜோடியா" என்றாள் மனைவி.

பலன் இருந்தது. மற்ற நாட்களில் காலையில் எப்போது எடுத்தாலும் ஒன்றிரண்டு திருப்பலில் கிளம்பியது. வெள்ளிக்கிழமைக்காக மார்பை நிமிர்த்திக்கொண்டு காத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை கிளம்பவில்லை.

பேட்டரி பலமாகத்தான் சுற்றியது. சோக் இழுத்திருந்தேன். ஆக்சிலேட்டரிலிருந்து காலைத் தூக்கிச் சம்மணம் போட்டுக்கொள்ளாத குறை. 'கிர்ர் கிர்ர் கிர்ர்' என்று வேகமாகச் சுற்றுகிறதே தவிரப் பற்றவில்லை. கம்பளி யோசனை அதற்குப் பிறகு வந்ததுதான். திங்கட்கிழமை ராத்திரி போர்த்தினேன். செவ்வாயும் கிளம்பவில்லை. மூன்று தடவையும் வெயில் ஏறிய பிறகு, ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பியது.

அந்தச் செவ்வாய்க்கிழமை நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நர்ஸம்மா மாமனாரின் காலை அழுத்திப் பார்த்தார். விரல் பதிந்த பள்ளம் அப்படியே நின்றது. என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சார், மூணு தடவ ஆயிடுச்சு. ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டுக்கு நாலு பேரு வெயிட்டிங்ல இருக்காங்க. வெள்ளிக்கெழமையும் லேட்டுன்னா பெரியவர லாஸ்ட் ஷிஃப்ட்டுக்கு மாத்த வேண்டியதுதான். எனக்கு வேற வழியில்ல."

கடைசி ஷிஃப்ட் என்றால் முடிந்து வீடு வர நடுச்சாமம். டயாலிசிஸ் முடிந்ததும் மாமனாருக்கு உடம்பு நடுங்கும், நிற்க முடியாது. அன்று இரண்டாவது ஷிஃப்ட்டில் ஒருவர் வராததால் அவருக்குச் சீக்கிரமே படுக்கை கிடைத்தது; வெயிலோடு திரும்பி வரும்போது இதைச் சொன்னேன். அவர் ஜன்னல் வழியே கரும்புக் கொல்லைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ராத்திரி ஷிஃப்ட்டுன்னா நான் வர்ல மாப்ள. போதும். இத்தோட நிறுத்திக்கலாம்."

நிறுத்தினால் என்ன ஆகும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் சோக்கைத் தேவையில்லாமல் உள்ளே தள்ளி வெளியே இழுத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்தும் மண்டை குடைந்தது. பயம் ஒரு பக்கம் இருக்கட்டும், எனக்கு ஒரு விஷயம் அப்பட்டமாகப் புதிராக இருந்தது. புதன் கிளம்புகிறது. வியாழன் கிளம்புகிறது. ஞாயிறு கூடக் கிளம்புகிறது. அதே குளிர், அதே பேட்டரி, அதே சோக், அதே முட்டாள். செவ்வாய், வெள்ளி மட்டும் கிளம்புவதில்லை. ஒரு இரும்பு வண்டிக்குக் கிழமை எப்படித் தெரியும்?

ஸ்கூல் வேன்காரரிடம் கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, "ராகு காலம் பாத்தீங்களாண்ணா?" என்றார். விடிவதற்கு முன்னால் ராகு காலம் வருவதில்லை என்றேன். "அப்ப எவனோ கண்ணு வெச்சிருக்கான்" என்றார். எங்கள் வேனைப் பார்த்துக் கண் வைப்பவனுக்கு முதலில் கண்ணைத்தான் பரிசோதிக்க வேண்டும்.

மாமனாரிடமும் கேட்டேன். "அதுக்கு என்னக் கொண்டுகினு போவப் புடிக்கல போல" என்று சொல்லிவிட்டு டி.வி.யில் நெல் விலை கேட்கப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் நடந்ததைத்தான் சொல்ல வேண்டும். டயாலிசிஸ் செய்கிறவர்கள் இஷ்டத்துக்குத் தண்ணீர் குடிக்க முடியாது. குடித்தது வெளியே போகாமல் உடம்பிலேயே தங்கிவிடும். ஆகவே என் மனைவி தினமும் ஒரு சின்ன பாட்டிலில் அளந்து வைப்பாள். அதுதான் அவருக்கு அன்றைய நாள் முழுவதற்கும். அது நாலு மணிக்கே காலியாகியிருந்தது. அவர் சொம்பை எடுத்துக்கொண்டு குடத்துப் பக்கம் பூனை மாதிரி போனார்.

"அப்பா!" என்றாள் மனைவி, சமையலறையிலிருந்து திரும்பிப் பார்க்காமலே. "இன்னிக்குக் கணக்கு முடிஞ்சிருச்சு."

"நாக்க நனைச்சிக்கிறேம்மா. ஒரே ஒரு மொடக்கு."

"மொடக்கும் கிடையாது. ஐஸ் கட்டி ஒண்ணு தர்றேன், சப்பிக்குங்க."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. என்னைக் கை காட்டினார்.

"எனக்கு ஒரு மொடக்கு கெடையாது. உன் வூட்டுக்காரரு வண்டிக்கு மட்டும் காலங்காத்தால பைப்ப வெச்சிகினு கொடங்கொடமா ஊத்துறாரு! அதுவும் நான் ஆஸ்பத்திரிக்குப் போற அன்னிக்குப் பாத்து, என் கண்ணு முன்னாடியே! வயிறெரியுது எனக்கு."

நான் சிரித்தேன். பாதிச் சிரிப்பில் நின்றுவிட்டேன்.

ஆமாம், நான் ஊற்றினேன். மற்ற மாதங்களில் வண்டியைச் சாயங்காலம்தான் கழுவுவேன். மார்கழி பிறந்ததும் எனக்குப் பக்தி முற்றிவிடும். விடிவதற்கு முன் எழுந்து பச்சைத் தண்ணீரில் குளிப்பேன். நான் குளித்தால் போதுமா? நோயாளியை ஏற்றிக்கொண்டு போகிற வண்டி, அதுவும் குளித்துவிட்டுப் போனால்தானே நல்லது என்று செவ்வாயும் வெள்ளியும் கிளம்புவதற்கு முன் அதையும் குளிப்பாட்டினேன். மேலாகத் தெளித்துவிடுகிற ஆளில்லை நான். பைப்பின் வாயில் கட்டைவிரலை வைத்து அழுத்தி, சக்கரம், அடிப்பக்கம், இண்டு இடுக்கு எல்லாம் பீய்ச்சி அடிப்பேன். பிறகு பொட்டு வைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, சாவியைத் திருப்புவேன். மற்ற நாட்களில் வண்டி ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. ஆகவே குளியலும் இல்லை.

"மாமா, இன்னொரு தடவ சொல்லுங்க" என்றேன்.

"எத? வயிறெரியுதுன்றதயா?"

புதன்கிழமை விடியற்காலை வண்டியில் ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் சாவியைத் திருப்பினேன். மேலெல்லாம் பனித்துளி முத்து முத்தாக நின்றது. இரண்டாவது 'கிர்ர்'ருக்குக் கிளம்பியது. வியாழக்கிழமை விடியற்காலை வேண்டுமென்றே ஆஸ்பத்திரிக்குப் போகிற நாள் மாதிரி முழுக் குளியல் போட்டேன். பொட்டு, சூடம் வரைக்கும் எதையும் குறைக்கவில்லை. ஆராய்ச்சி என்றால் நேர்மையாகச் செய்ய வேண்டும் அல்லவா? சாவியைத் திருப்பினேன். பற்றவில்லை. என் வாழ்க்கையில் ஒரு வண்டி கிளம்பாததற்கு நான் கைதட்டியது அன்று ஒருநாள்தான்.

சீட்டைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தேன். பிளக்குகளுக்குப் போகிற ஒயர்களெல்லாம் தலைக்குக் குளித்த பெண்ணின் கூந்தல் மாதிரி சொட்டிக்கொண்டிருந்தன. அந்த ஒயர்கள் கிளம்புகிற இடத்தில், தீப்பொறியைப் பங்கு போட்டு அனுப்புகிற டிஸ்ட்ரிபியூட்டர் என்று ஒரு மூடி உண்டு. அதைக் கழற்றினேன். உள்ளேயும் ஈரம் வியர்த்திருந்தது. பொறி பிளக்குக்குப் போகாமல் ஈரத்தோடு எங்கெங்கோ ஓடிக்கொண்டிருந்தது. வெயில் காலத்தில் இப்படி அடித்திருந்தாலும் கொஞ்ச நேரத்தில் காய்ந்திருக்கும். மார்கழி விடியலில் காற்றே ஈரமாக இருக்கிறது, எங்கே காய்வது? வெயில் ஏறினால்தான் உண்டு. அதனால்தான் நானும் ஸ்கூல் வேன்காரரும் தள்ளித் தள்ளி, ஒயர் போட்டு, வியர்த்து விறுவிறுத்து முடிக்கும்போது சூரியன் வந்து கிளப்பிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது. பேர் எங்களுக்கு.

என் பழைய பனியனால் எல்லாவற்றையும் ஒற்றி எடுத்து மாட்டினேன். சாவியைத் திருப்பியதும் வண்டி உறுமியது. அணைத்துவிட்டு மறுபடி கிளப்பினேன். இன்னொரு தடவை. இன்னொரு தடவை.

"கண்டுபிடிச்சது போதும்" என்று மனைவி உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "போயி ஜல்தியா பால் வாங்கினு வாங்க."

மாமனாரிடம் விவரமாக விளக்கினேன். மூடியைக் காட்டினேன், ஒயரைக் காட்டினேன், பனியனைக் கூடக் காட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். முகத்தில் நம்பிக்கை வந்த மாதிரி தெரியவில்லை. ஆனால் அன்று ராத்திரி மருத்துவமனைப் பையில் துண்டையும் மருந்தையும் தானே எடுத்து வைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அது போதும் எனக்கு.

வெள்ளிக்கிழமை விடியற்காலை எழுந்து குளித்தேன். வாசலுக்கு வந்ததும் என் கை தானாகப் பைப்பைத் தேடியது. பைப் இல்லை. என் மனைவி அதை ராத்திரியே சுருட்டி எங்கோ ஒளித்திருந்தாள். இத்தனை வருடக் குடும்ப வாழ்க்கையில் என்னை அவள் அளவுக்கு நானே புரிந்துகொண்டதில்லை. காய்ந்த துணியால் கண்ணாடியை மட்டும் துடைத்தேன். சீட்டைத் தூக்கி ஒயர்களை ஒருமுறை ஒற்றினேன். எலுமிச்சம்பழம் வைத்தேன். வெள்ளிக்கிழமை, அதையுமா விட முடியும்?

மாமனார் வந்து நடுசீட்டில் உட்கார்ந்தார். பையை மடியில் வைத்துக்கொண்டார். மூச்சு லேசாக இழுத்தது. ஸ்கூல் வேன்காரர் கூப்பிடாமலே லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தன் வாசலில் தயாராக நின்றார்.

சோக்கை முழுக்க இழுத்தேன். ஆக்சிலேட்டரில் கால் வைக்கவில்லை. சாவி.

'கிர்ர்.'

பற்றவில்லை. பின்னால் பை சரசரத்தது. மூச்சு விட்டுக்கொள்ள நேரம் கொடுத்தேன், வண்டிக்கும் எனக்கும். மறுபடி திருப்பினேன். 'கிர்ர்... கிர்ர்...' ஒரு இருமல். நின்றுவிட்டது. எதிர்வாசலில் வேன்காரர் ஒரு படி இறங்கினார். எனக்குத் தெரிந்த சாமிகள் எல்லாரையும் ஒரே சமயத்தில் கூப்பிட்டுவிட்டு மூன்றாவது முறை திருப்பினேன். பற்றிக்கொண்டது. சோக்கை மெல்ல மெல்லத் தள்ளினேன். சத்தம் சீரானது. வேன்காரர் லுங்கியை இறக்கிவிட்டு, கொஞ்சம் ஏமாற்றத்தோடு உள்ளே போனார் என்று எனக்குத் தோன்றியது.

பைபாஸில் பனி மூட்டம். முன்னால் போகிற லாரியின் சிவப்பு விளக்கு மட்டும் தெரிந்தது. விக்கிரவாண்டி டோல்கேட் வரும்வரை நான் ஈரத்தைப் பற்றியும் தீப்பொறியைப் பற்றியும் பேசிக்கொண்டே வந்தேன். மாமனார் ஒரே ஒரு இடத்தில் மட்டும், "லாரிய ஒட்டிப் போவாதீங்க" என்றார். முண்டியம்பாக்கம் தாண்டும்போது கிழக்கே லேசாக வெளுத்தது.

மருத்துவமனையில் போய் இறங்கினோம். கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போய் டயாலிசிஸ் வார்டு வாசலில் உட்காரவைத்தேன். பெஞ்சில் எங்களுக்கு முன்னால் யாரும் இல்லை. தாழ்வாரத்தில் ஒருவர் தரை துடைத்துக்கொண்டிருந்தார். பத்து நாளாக என் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது இறங்கிப் போனது. மெஷினும் படுக்கையும் அவருக்குத்தான். கடைசி ஷிஃப்ட்டும் இல்லை, நிறுத்துகிற பேச்சும் இல்லை. நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவர் எதிரில் நின்றேன்.

"இன்னா மாமா, எப்படிக் கொண்டாந்து சேத்தேன் பாத்தீங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் வார்டைப் பார்த்தார். பையை மடியிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

"இன்னும் கதவே தொறக்கல மாப்ள."